கடன் தீர்ந்தால் டொக்டர் தோட்டத்துக்கு வருவாரா?

சில மாதங்களுக்கு முன், இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் (தோட்டப் பிரிவில்) ஒரு மரண வீடு. போனவருக்கு ஐம்பத்தாறு வயது, சீனி வருத்தம். காலில் வந்த சின்னப் புண்ணுக்கு மஞ்சள் பூசிக்கொண்டே இரண்டு மாதம் மலை ஏறி இறங்கினார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது.

பந்தலில் பேச்சு வந்தது. "கிட்டத்துல ஒரு டொக்டர் இருந்திருந்தா மனுசன் பொழச்சிருப்பாரு" என்றார் ஒருவர். "யாரு வருவா மாமா? டொக்டருக்குப் படிக்க எவ்வளவு செலவு! அமெரிக்காவுலயே நம்ம காசுல ஆறு கோடி கடன வாங்கிப் படிச்சிட்டு, அதக் கட்டுறதுக்காகப் பெரிய பெரிய ஆபரேசன் டொக்டரா போயிடுறாங்களாம்" என்றான் கொழும்பிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவன். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்தியது. நம் மாவட்டத்து அரச ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் இளம் வைத்தியர்களில் பெரும்பாலானோர் இந்த நாட்டின் மருத்துவபீடங்களில் கட்டணம் கட்டாமல் படித்தவர்கள். அவர்கள் தலையில் ஆறு கோடி ரூபாய்க் கடன் இல்லை. அப்படியிருந்தும் தோட்டப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரிகளில் ஆள் நிலைப்பதில்லை. அப்படியானால் கடன் உண்மையில் என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை? ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

எந்த டொக்டரைப் பற்றிப் பேசுகிறோம்?

தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டும் வேலை எல்லோருக்கும் தெரியும். மழைக்கு முன்னால் கானைச் சுத்தமாக வெட்டி வைத்தால் தண்ணீர் ஒழுங்காக இறங்கிப் போகும். அந்த வேலையை யாரும் புகழ்வதில்லை, ஏனென்றால் அதன் பலன் 'ஒன்றும் நடக்காமல் இருப்பது'. கானை வெட்டாமல் விட்டு, லயத்துக்குப் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப்) பின்னால் மண் சரிந்த பிறகுதான் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வரும், படம் எடுக்க ஆள் வரும்.

மருத்துவத்திலும் இந்த இரண்டு வகை வேலை உண்டு. நோயாளி முதலில் போய் நிற்கும் இடத்தில் கிடைக்கும் கவனிப்பை ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு என்கிறோம். பிரஷர், சீனி, சளி, பிள்ளையின் எடை, கர்ப்பிணித் தாயின் இரத்தசோகை எல்லாம் இங்கேதான் பார்க்கப்படுகின்றன. டவுனில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் குடும்ப வைத்தியர், பிரதேச வைத்தியசாலையில் வெளிநோயாளர்களைப் பார்க்கும் வைத்திய அதிகாரி ஆகியோர் இந்த வேலையைச் செய்பவர்கள். அமெரிக்காவில் குடும்ப வைத்தியர், பொது உள்மருத்துவ வைத்தியர், குழந்தை வைத்தியர் ஆகியோரை இந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள்.

இதயம், எலும்பு, மூளை என்று ஓர் உறுப்பிலோ ஒரு வகைச் சிகிச்சையிலோ மேற்படிப்பு முடித்தவர் விசேட வைத்திய நிபுணர். அவர் கட்டாயம் தேவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் காலைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் தேவைப்பட்டவர், மாதம் ஒருமுறை சப்பாத்தைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கும் ஒருவர்.

சுருக்கமாக: ஆரம்பப் பராமரிப்பு கான் வெட்டுவது போன்றது. பலன் பெரிது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த வேலைக்கு ஏன் குறைவாகக் காசு கொடுக்கிறார்கள் என்பது பின்னால் புரியும்.

தீபாவளி அட்வான்ஸும் ஓட்டோ லீசிங்கும்

எல்லாக் கடனும் ஒரே மாதிரி ஆளை அழுத்துவதில்லை. தீபாவளி அட்வான்ஸ் எடுத்தால் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டிக்கொள்வார்கள். எடுத்த தொகை தெரியும், எப்போது முடியும் என்பதும் தெரியும். கையில் கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான். அதற்காக யாரும் வேலையை மாற்றுவதில்லை.

வாகனத்தைத் தவணைக் கடனில் எடுக்கும் லீசிங் வேறு மாதிரி. அதில் வட்டி இருக்கிறது. ஒரு தவணை தவறினால் சும்மா இருக்காது, வளரும்.

எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவன் லீசிங்கில் ஓட்டோ எடுத்தான். முதலில் தோட்டத்து ஹயர்தான் (வாடகைச் சவாரி) போனான். லயத்திலிருந்து டவுனுக்கு, கர்ப்பிணிப் பெண்ணை கிளினிக்குக்கு, இப்படி. ரோடு மோசம், திரும்பி வரும்போது சவாரி கிடைக்காது, ஆட்களிடம் அதிகம் கேட்கவும் மனம் வராது. ஆறு மாதத்தில் ஹட்டன் டவுனுக்குள்ளேயே நின்றுவிட்டான். கேட்டால் "லீசிங் கட்டணுமேண்ணே" என்பான். நியாயமான பதில்தான்.

ஐந்து வருடத்தில் லீசிங் முடிந்தது. தோட்டத்து ஹயருக்குத் திரும்பினானா? இல்லை. ரோடு அப்படியே இருந்தது. டவுன் ஹயருக்கும் தோட்ட ஹயருக்கும் உள்ள வித்தியாசமும் அப்படியே இருந்தது. கடன் அவனை டவுனுக்குத் தள்ளியது உண்மை. ஆனால் டவுனில் பிடித்து வைத்திருந்தது கடன் இல்லை.

வைத்தியர்களின் கதையில் பாதிக்கு மேல் இதற்குள் இருக்கிறது.

அமெரிக்காவில் கணக்கு எப்படி ஓடுகிறது

அங்கே பள்ளிக்கூடம் முடித்ததும் மருத்துவம் படிக்க முடியாது. முதலில் நான்கு வருடப் பட்டம், பிறகு நான்கு வருட மருத்துவப் படிப்பு. மருத்துவம் முடிப்பவர்களில் பத்தில் ஏழு பேர் அளவில் கடனோடுதான் வெளியே வருகிறார்கள். அப்படி வருபவர்களில் நடுவில் நிற்பவரின் கடன் சுமார் 200,000 டொலர். ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் நம் காசில் ஆறு கோடி.

அதன் பிறகு உடனே முழுச் சம்பளம் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற வேண்டும். குடும்ப வைத்தியருக்கு மூன்று வருடம், எலும்பு முறிவு நிபுணருக்கு ஐந்து, மூளை அறுவை நிபுணருக்கு ஏழு. இந்தப் பயிற்சிக் காலத்துச் சம்பளம் வருடத்துக்கு 60,000 டொலரைத் தாண்டும். அதற்குள் கடனைக் கட்ட முடியாமல் பலர் தள்ளிப்போடுகிறார்கள். வட்டி தள்ளிப்போடாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். 200,000 டொலர், வட்டி 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 14,000 டொலர் ஏறும். குடும்ப வைத்தியர் பயிற்சி முடிக்கும்போது கடன் 242,000 ஆகியிருக்கும், எலும்பு நிபுணருக்கு 270,000. பத்து வருடத்தில் அடைப்பதாக இருந்தால் முதலாமவர் மாதம் சுமார் 2,800 டொலரும் இரண்டாமவர் சுமார் 3,100 டொலரும் கட்ட வேண்டும்.

இதோடு நிறுத்தினால் நிபுணராவதுதான் நட்டம் போலத் தெரியும். ஆனால் சம்பளத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே குடும்ப வைத்தியரின் வருட வருமானம் வரிக்கு முன் 250,000 டொலர் அளவில். எலும்பு நிபுணருடையது 500,000 டொலருக்கு மேல். அந்தத் தவணை முதலாமவரின் வருமானத்தில் ஏழில் ஒரு பங்கை நெருங்குகிறது. இரண்டாமவருக்குப் பதின்மூன்றில் ஒரு பங்குதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருவருமே கடனைக் கட்டி முடித்துவிடுவார்கள். 'குடும்ப வைத்தியரானால் கடனை அடைக்கவே முடியாது' என்பது தவறு. அடைக்க முடியும், மற்றவரைவிடக் கொஞ்சம் கஷ்டப்பட்டு. ஆனால் இருபத்தைந்து வயதில், கையில் சம்பளமே இல்லாத நேரத்தில், அந்தப் பெரிய எண்ணைத் தினமும் பார்த்துக்கொண்டு முடிவெடுக்கும் பிள்ளைக்கு அது அப்படித் தெரியாது. பயமும் ஒரு கணக்குத்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: கடன் ஒரு தொகை, வட்டி அதை வளர்க்கும் காலம், கடைசியில் கிடைக்கப்போகும் சம்பளம், இந்த மூன்றும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. தொகையை மட்டும் பேசினால் விஷயம் பிடிபடாது.

தள்ளுவது எது, இழுப்பது எது

ஒரு குடும்ப வைத்தியர் அரை மணி நேரம் உட்கார்ந்து, 'சோற்றை எப்படிக் குறைப்பது, மருந்தை ஏன் விடக்கூடாது' என்று பேசுகிறார். அதே அரை மணி நேரத்தில் ஒரு நிபுணர் கருவி ஒன்றை உள்ளே விட்டு ஒரு சிகிச்சை செய்கிறார். அமெரிக்காவின் காப்புறுதி முறை பெரும்பாலும் செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காசு கொடுப்பது. கருவி, அறுவை, ஊடுகதிர்ப் படம் ஆகியவற்றுக்கு நல்ல விலை. பேச்சுக்கும் காதுகொடுப்பதற்கும் குறைந்த விலை. கான் வெட்டுபவருக்கு ஒரு கூலி, பெக்கோவுக்கு மணிக்கணக்கில் வாடகை.

இதைத்தான் சம்பள இடைவெளி என்கிறோம். கடன் பின்னாலிருந்து தள்ளும், இடைவெளி முன்னாலிருந்து இழுக்கும். கடனே இல்லாத பணக்கார வீட்டுப் பிள்ளையையும் இந்த இடைவெளி இழுக்கிறது. இதோடு மதிப்பும் சேர்கிறது. 'வெறும் குடும்ப டொக்டரா?' என்று பேராசிரியரே முகம் சுளித்தால் பிள்ளை என்ன செய்வான்? பயிற்சிக் காலத்தில் நல்ல குடும்ப வைத்தியர் ஒருவரோடு வேலை பார்க்கும் வாய்ப்புக் கிடைக்காதவனுக்கு அந்த வேலையின் சுவையே தெரியாமல் போகிறது.

அதனால்தான் 'கடன் கூடினால் குடும்ப வைத்தியர் குறைவர்' என்று நேர்கோடு போட முயன்ற ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. சிலவற்றில் தொடர்பு தெரிகிறது, சிலவற்றில் மங்கலாக இருக்கிறது.

கட்டணத்தையே எடுத்துவிட்டுப் பார்த்தார்கள்

2018 ஓகஸ்டில் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி ஓர் அறிவிப்பு விட்டது: இனி எந்த மாணவருக்கும் படிப்புக் கட்டணம் இல்லை. கடன் இல்லாவிட்டால் பிள்ளைகள் குறைந்த சம்பளத் துறைகளையும் பயமில்லாமல் தேர்ந்தெடுப்பார்கள் என்பது அன்று சொல்லப்பட்ட நம்பிக்கைகளில் ஒன்று.

விண்ணப்பங்கள் குவிந்தன. போட்டி கடுமையானது. ஆனால் ஆரம்பப் பராமரிப்புக்குப் போகிறவர்களின் பங்கு எதிர்பார்த்தபடி கூடவில்லை. யோசித்தால் ஆச்சரியமில்லை. லீசிங் முடிந்த நம் ஓட்டோத் தம்பியை நினைத்துப் பாருங்கள். வாகனத்தை இலவசமாகவே கொடுத்தாலும் ரோடு அதே ரோடுதான்.

அதே பல்கலைக்கழகம் 2019இல் லோங் ஐலண்டில் இன்னொரு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அங்கேயும் கட்டணம் இல்லை, படிப்பு மூன்றே வருடம். ஆனால் ஆரம்பப் பராமரிப்பை நோக்கமாக வைத்தே தொடங்கினார்கள். எனக்கு இந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது. முதல் கல்லூரி கடனை மட்டும் எடுத்தது. இரண்டாவது, எந்த வேலைக்கு ஆள் தேவை என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டுக் கடனை எடுத்தது.

2024இல் நியூயோர்க்கின் புரோங்ஸ் பகுதியிலுள்ள அல்பேர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் 100 கோடி டொலர் நன்கொடையால் கட்டணத்தை நீக்கியது. அதன் பலனைச் சொல்ல இன்னும் காலம் போக வேண்டும்.

வேறொரு வழியும் அங்கே உண்டு. வைத்தியர் இல்லாத பகுதியில் சில வருடம் ஆரம்பப் பராமரிப்பு வேலை செய்தால், படிப்புக் கடனில் ஒரு பகுதியை அரசாங்கமே கட்டும். 1970களில் தொடங்கிய தேசிய சுகாதார சேவைப் படை என்ற அமைப்பின் கீழ் நடக்கும் திட்டம் இது. சேவைக்குப் பதில் கடன் கழிவு என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே கடன் தள்ளுகிற கையாக இல்லாமல், கிராமத்துக்குக் கூட்டிவருகிற கையாக மாறுகிறது.

வாசலுக்கே வராதவர்கள்

கடன் செய்யும் மிகப் பெரிய வேலையை நாம் பேசுவதே இல்லை என்று நினைக்கிறேன். 'கடன் பட்டவர் எந்தத் துறைக்குப் போகிறார்' என்று கேட்கிறோம். அந்தக் கடனைப் பார்த்துப் பயந்து மருத்துவத்துக்கே வராமல் போனவரை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒரு விஷயம்: கிராமத்தில் வளர்ந்த பிள்ளை வைத்தியரானால் கிராமத்தில் வேலை செய்ய வாய்ப்பு அதிகம். அந்தப் பிள்ளைக்குத்தான் வீட்டில் பின்பலம் குறைவு, கடனைக் கண்டு பயமும் அதிகம். ஆக, கடன் ஒரு சல்லடை போல வேலை செய்கிறது. திரும்பி வரக்கூடியவர்களை வாசலிலேயே சலித்து வெளியே விட்டுவிட்டு, மீதிப் பேரிடம் 'நீங்கள் ஏன் கிராமத்துக்குப் போகவில்லை?' என்று கேட்கிறது.

நம் நாட்டில்: கடனில்லாத டொக்டர்

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. ஆனால் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதற்கு வெளியே, நிர்வாகங்களின் கையில் கிடந்தன. அரசு அவற்றைப் பொறுப்பெடுத்தது 1970களில்தான். ஒரு தலைமுறை நாம் பின்னால் தொடங்கினோம்.

இன்று உயர்தரப் பரீட்சையில் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) போதுமாக இருந்தால் பேராதனை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று எந்த மருத்துவபீடத்திலும் கட்டணம் இல்லாமல் ஐந்து வருடம் படிக்கலாம். மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் அதற்குரிய தனி ஒதுக்கீடும் உண்டு. பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அதன்பின் அரச நியமனம். புள்ளி வரிசைப்படி பட்டியலிலிருந்து இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பெரிய படிப்புக் கடன் இல்லை. ஆனாலும் தோட்டத்தை ஒட்டிய ஆஸ்பத்திரிகள் பட்டியலில் கடைசியில்தான் போகின்றன. ஏன்? அரச வைத்தியரின் கூடுதல் வருமானம் மாலை நேரத்துச் சனலிங்கில் இருக்கிறது. கடமை நேரம் முடிந்த பிறகு தனியார் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நோயாளி பார்ப்பதுதான் சனலிங். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என்று ஆனது. இந்த மாதிரிக் கூலியில் வாழ்கிறவர் எத்தனை தடவை சனல் பண்ண முடியும்? கண்டியிலும் கொழும்பிலும் கிடைக்கிற வருமானம் இங்கே கிடைக்காது. இதோடு குவாட்டர்ஸ், பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை, ரோடு என்று பட்டியல் நீள்கிறது. மேற்படிப்புக்கும் கொழும்பையே நம்ப வேண்டும்.

கடனை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்ற சோதனையை நியூயோர்க்குக்கு முன்பே இலங்கை செய்துவிட்டது என்று சொல்லலாம். கடன் இல்லை, சல்லடையின் ஓட்டை பெரிதானது, நம் பிள்ளைகளிலும் சிலர் வைத்தியரானார்கள். அது பெரிய வெற்றி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இடைவெளி அப்படியே இருக்கிறது.

நகையை ஈடு வைத்துப் படித்த டொக்டர்

இங்கே கடனோடு வருகிற வைத்தியர்களும் உண்டு. இசட் புள்ளி மயிரிழையில் தவறியவர்கள் சீனா, ரஷ்யா, பங்களாதேஷ், நேபாளம் என்று போகிறார்கள். வங்கிக் கடன் கொஞ்சம். மீதி அம்மாவின் நகை, அப்பாவின் ஈபிஎஃப் சேமலாபப் பணம், குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அக்காவின் காசு. டொலரில் கட்டணம் கட்டியவர்கள் 2022இல் என்ன பட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வருடத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. படிப்பு அதே படிப்பு, கடன் ஒன்றே முக்கால் மடங்கு.

திரும்பி வந்ததும் வேலை கிடைக்காது. வெளிநாட்டில் படித்தவர்களுக்கான இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், பிறகு உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டும்.

இந்தக் கடன் அமெரிக்கக் கடனைப் போல வேலை செய்வதில்லை. அங்கே கடன் கொடுத்தது அரசாங்கம். வட்டி வாங்கும், ஆனால் பத்து, இருபது வருடம் பொறுக்கும். அதனால் 'இன்னும் இரண்டு வருடம் பயிற்சி எடுத்துப் பெரிய சம்பளத்துக்குப் போவோம்' என்று நினைக்க இடமுண்டு. நம் வீட்டுக் கடன் பொறுக்காது. ஈட்டுக் கடையில் திகதி இருக்கிறது. அக்காவுக்குக் கல்யாண வயது தாண்டுகிறது. இந்தப் பிள்ளைக்கு நாளைய பெரிய சம்பளத்தைவிட இந்த மாதச் சம்பளம்தான் முக்கியம். மேற்படிப்பை விட்டுவிட்டு, கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரியில் இரவு பகலாக வேலை பார்ப்பான். அல்லது 2022க்குப் பிறகு நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் செய்தது போல வெளிநாட்டுக்கு விமானம் ஏறுவான்.

ஒரே கடன் ஓரிடத்தில் ஆளை நிபுணராக்குகிறது, இன்னோரிடத்தில் நிபுணராக விடாமல் தடுக்கிறது. கடன்காரர் எவ்வளவு காலம் பொறுப்பார் என்பதுதான் வித்தியாசம். இரண்டு வழியிலும் தோட்டத்து டிஸ்பென்சரிக் கதவு பூட்டியே கிடக்கிறது.

அப்படியானால் எதைக் கேட்பது

அரசியல்வாதி யாராவது 'வைத்தியர் இல்லாத குறையைத் தீர்ப்போம்' என்று பேசினால் நான் மூன்றைத்தான் கேட்பேன். இங்கே வேலை செய்பவருக்கு, சனலிங் இல்லாத குறையை ஈடுசெய்யும் கொடுப்பனவு உண்டா? மூன்று நான்கு வருடம் இங்கே இருந்தால் மேற்படிப்பில் முன்னுரிமை உண்டா? நம் பகுதி உயர்தர உயிரியல் வகுப்புகளுக்கு, தமிழில் இரசாயனவியலும் பௌதிகவியலும் படிப்பிக்க ஆசிரியர் உண்டா?

மூன்றாவதைத்தான் அழுத்திக் கேட்பேன். எங்கள் அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப்போன ஒரு நாள், வைத்தியருக்குத் தமிழ் தெரியவில்லை, அம்மாவுக்குச் சிங்களம் தெரியவில்லை. அவர் நல்ல மனிதர், கையால் சைகை காட்டிச் சொன்னார். அம்மா இரண்டு குளிசையை மாற்றி விழுங்கிக்கொண்டிருந்தது மூன்று வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த மரண வீட்டுக்குப் பக்கத்து லயத்தில் ஒரு பிள்ளை இந்த வருடம் உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதப்போகிறாள். பந்தலில் பேசியதை அவளும் கேட்டிருக்கிறாள். மறுநாள் என்னிடம் வந்து, "மாமா, டொக்டருக்குப் படிக்க ஆறு கோடி வேணுமா?" என்று கேட்டாள். அது அமெரிக்காவில் என்று சொன்னேன். இங்கே கட்டணம் இல்லை, மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது, போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும்தான் காசு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள், அவள் அப்பாவிடம் காட்ட.